விரதம் என்று சொல்லிவிட்டேன்

1

நேற்று காலை அந்த மின்னஞ்சல் மறுபடி வந்தது. பல்கலைக்கழகத்தில் புதுப் பருவம், அதாவது செமஸ்டர், தொடங்கும்போதெல்லாம் வரும். மேலே மலாயில், கீழே ஆங்கிலத்தில்: உங்களோடு படிப்பவர், வேலை செய்பவர் யாரைப் பற்றியாவது மனதில் கவலை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இரண்டு பேர் தேநீர்க் கோப்பையோடு சிரிக்கும் படம். கடைசியில் ஓர் ஆரஞ்சு நிறப் பட்டன்.

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இதைக் கார் நிறுத்தும் இட அறிவிப்பு, ஏர்கான் பழுது அறிவிப்பு இவற்றோடு சேர்த்து அழித்துக்கொண்டிருந்தவன் நான். நேற்று கடைசி வரி வரை வாசித்தேன். தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. போன வருடம் இதே நாட்களில் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு இந்த ஏற்பாட்டைப் புரியவைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. மாணவரோ, குமாஸ்தாவோ, பேராசிரியரோ, யாராவது வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால், தனக்கோ பிறருக்கோ கெடுதல் செய்துகொள்வாரோ என்று பயம் வந்தால், அங்கே தெரிவிக்கலாம். தண்டனைக்காக அல்ல. அவர்கள் போய் அந்த ஆளிடம் பேசுவார்கள், வேண்டிய உதவியைச் செய்வார்கள். சொன்னவர் பெயர் வெளியே வராது. இதைச் சொன்னவுடன் என் அண்ணன் மதுரையிலிருந்து போனில் கேட்டான்: "அப்ப உங்க ஊர்ல கோள் சொல்றதுக்கு ஆபீஸ் வெச்சிருக்காங்களா?" ரொம்ப நாள் எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது.

நான் பினாங்குக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. கான்கிரீட் பற்றிப் பாடம் நடத்துகிறேன். அதோடு மாணவர் விடுதி வளாகத்திலேயே எனக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். வாடகை கிடையாது. பதிலுக்கு, பையன்கள் தங்கியிருக்கும் ஒரு கட்டடத்தை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் உடைந்தால், காய்ச்சல் வந்தால், கிட்டாரை யாராவது நேரங்கெட்ட நேரத்தில் வாசித்தால் என் வீட்டு மணிதான் அடிக்கும்.

2

போன வருடம் ஹாஃபிஸ் என்ற பையன் மணி அடித்தான். சுங்கை பட்டாணிப் பக்கத்து மலாய்ப் பையன், மூன்றாம் ஆண்டு. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான். தன் அறைத்தோழன் லோகனைப் பற்றிப் பேச வந்திருப்பதாகச் சொன்னான். லோகன் எனக்கும் தெரிந்தவன்தான். புக்கிட் மெர்தாஜாம் பையன், வகுப்பில் கடைசி வரிசை, கேட்டால் சரியாகப் பதில் சொல்வான்.

ஹாஃபிஸ் சொன்னதன் சுருக்கம் இது. லோகன் சில வாரமாகக் கட்டிலில் படுப்பதில்லை, தரையில்தான் படுக்கிறான். ஒரு வேளை கொஞ்சம் சாப்பிடுகிறான், சில நாள் அதுவுமில்லை. தாடி வளர்ந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். போனைத் தொடுவதில்லை, யாரோடும் பேச்சில்லை. இதையெல்லாம் அந்த ஆரஞ்சுப் பட்டனில் போய்த் தெரிவிக்கலாமா, தெரிவித்தால் லோகனுக்குக் கெட்ட பெயர் வருமா என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

நான் சிரித்துவிட்டேன். நீங்களாயிருந்தாலும் சிரித்திருப்பீர்கள். தை மாதம், தமிழ்ப் பையன், தாடி, தரைப் படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு. இதற்கு மேல் என்ன வேண்டும்? தம்பி, அவன் தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறான், கவலைப்படாதே என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளிநாட்டில் வாழும் தமிழனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது நம்மவர் வழக்கத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினால் போதும், விளக்கம் சொல்லக் கிளம்பிவிடுவோம். ஒரு மண்டல விரதம், மாமிசம் விலக்குவது, வேண்டுதல், காவடி என்று முழுப் பாடத்தையும் எடுத்தேன். இத்தனைக்கும் நான் தைப்பூசக் காவடியை நேரில் பார்த்ததே பினாங்கு வந்த பிறகுதான். எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலும் தீச்சட்டியும்தான்.

ஹாஃபிஸ் பொறுமையாகக் கேட்டான். நடுவில் ஒரு தடவை, "ஆனால் டாக்டர்..." என்று வாயெடுத்தான். (முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) நான் அலகு குத்துவது எப்படி என்பதில் இருந்தேன். முடிந்ததும் தலையாட்டிவிட்டு, புரிந்தது டாக்டர், நன்றி என்று சொல்லிப் போனான்.

3

அன்று சாப்பாட்டு மேசையில் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். மனைவி சிரித்தாள். மகள் யாழினி சிரிக்கவில்லை. அவள் ஐந்தாம் படிவத்தில், நம் ஊர்க் கணக்குக்குப் பதினொன்றாம் வகுப்பில், இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, நடுவே மலாய் கலந்து, போனால் போகிறது என்று ஒரு தமிழ்ச் சொல்லைத் தூவுவாள். எந்த மொழியானாலும் இந்த ஊர் ஆட்கள் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' மட்டும் தவறாது. என்னோடு பேசுவதே அருகிப் போயிருந்த காலம் அது. அன்றைக்குத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, எனக்காகவே தமிழில் கேட்டாள்.

"அப்பா, விரதம்னா என்னன்னு ஹாஃபிஸுக்கு சொன்னீங்க. லோகன்கிட்ட என்ன கேட்டீங்க?"

ஒன்றும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது என்றேன். "அந்த ப்ளாக் இங்கதானே லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. தமிழே சரியாகப் பேசத் தெரியாத பெண் எனக்குத் தமிழ்ப் பழக்கம் சொல்லித் தருகிறாளாக்கும் என்று மனைவியிடம் பொருமினேன். அவள் மீன் குழம்பை மூடி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள்.

நான் ஏன் அந்தக் கட்டடத்துக்கு ஐந்து நிமிடம் நடந்து போகவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சோம்பல் அல்ல. ஒருவனைப் பற்றி இன்னொருவன் மேலிடத்தில் சொல்வது என்றாலே எனக்கு உடம்பு கூசும். நான் படித்த பொறியியல் கல்லூரி விடுதியில் 'போட்டுக் கொடுப்பவன்' என்பதைவிடக் கேவலமான பட்டம் கிடையாது. ஒரு பையனைப் பற்றி வார்டனுக்கு எது தெரிந்தாலும் முடிவு ஒன்றுதான்: அப்பாவை வரச் சொல்வார்கள். தோளில் துண்டோடு யாரோ ஒருவரின் அப்பா முதல்வர் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் வகுப்புக்குப் போவோம். அதனால் யாரைப் பற்றியும் யாரும் வாய் திறக்க மாட்டோம். வராதவனுக்கு வருகை கொடுப்போம், அழுகிறவனுக்கு அறையைக் காலி செய்து கொடுப்போம். அதை நட்பு என்று நினைத்தோம்.

இங்கே வந்த பிறகு அந்தக் கூச்சத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்தில் எண் சீட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, என் பெயரில் எந்தக் காகிதமும் எந்த மேசையிலும் இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வேன். என் மலாயும் அப்போது அந்த அழகில் இருந்தது. விடுதிக் கூட்டம் ஒன்றில், இருதய நோய் உள்ள ஒரு மாணவனுக்குக் கீழ்த்தள அறை வேண்டும் என்று கேட்க நினைத்து, மலாயில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டு, அவன் எல்லோர்மேலும் மனக்கசப்பில் இருக்கிறான், கீழே கொடுங்கள் என்று கேட்டேன். அன்று முதல், வாயைத் திறக்காமல் இருப்பதே மேல் என்று முடிவு செய்தேன். தமிழர் பழக்கவழக்கம் என்ற ஒரே விஷயத்தில்தான் எனக்கு இங்கே அதிகாரம் இருந்தது. ஹாஃபிஸிடம் அதைத்தான் செலவழித்தேன்.

4

தைப்பூசத்தன்று குடும்பத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். பாதையெல்லாம் அடைத்திருப்பார்கள் என்பதால் காரைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்தோம். ரதத்துக்காகச் சாலையில் உடைத்த தேங்காய்கள் இன்னும் முழுதாக வாரப்பட்டிருக்கவில்லை. தார்ச்சாலையில் இளநீர் வாடை. பந்தலுக்குப் பந்தல் வேறு வேறு பாட்டு. உறுமிச் சத்தத்தில் யாழினி பேசியது எனக்கும், நான் பேசியது அவளுக்கும் கேட்கவில்லை. அது இருவருக்குமே சௌகரியமாக இருந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்து இந்திய மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அங்கே பவித்ரா என்ற மாணவி என்னைப் பார்த்து, வாங்க சார் என்று மோர் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, நமது லோகன் எத்தனை மணிக்குக் காவடி எடுக்கிறான், பார்த்துவிட்டுப் போகலாம் என்று கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "லோகனா சார்? அவன் எடுக்கலையே. அவங்க அப்பா தவறிட்டாரு இல்ல, புரட்டாசி மாசம். ஒரு வருஷம் முடியற வரைக்கும் மலைக்கே வரக் கூடாது லா சார்."

இதை நான் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துக்க வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது, வேண்டுதல் கிடையாது, மாலை போடுவது கிடையாது. அப்பா இறந்து நான்கு மாதம் ஆன பையன் எப்படித் தைப்பூச விரதம் இருப்பான்? விரதமே இல்லையென்றால் அந்தத் தாடி என்ன, அந்தத் தரைப் படுக்கை என்ன, சாப்பிடாமல் கிடப்பது என்ன? மோர்க் குவளை கையில் அப்படியே இருந்தது. மலாய்ப் பையன் ஒருவனுக்குக் கவலை வந்தது. தமிழ் தெரிந்த நான் அந்தக் கவலையைப் போக்கி அனுப்பிவிட்டேன். 

யாழினி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றாள். சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தாள். மனைவியும் பின்னால் வர, பால்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு ஒதுங்கி, காவடிக்கு ஒதுங்கி, தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கு ஒதுங்கி நடந்தோம். நடந்துகொண்டே ஹாஃபிஸைப் போனில் அழைத்தேன். விடுமுறை, வீட்டுக்குப் போயிருப்பான், லோகன் அறையில் தனியாக இருப்பான் என்ற நினைப்பில் மறுபடி மறுபடி அழைத்தேன். மூன்றாவது முறை எடுத்தான். எங்கே இருக்கிறாய் என்றேன்.

அறையில்தான் இருக்கிறேன் டாக்டர் என்றான். லோகனும் இருக்கிறான். ஊருக்குப் போகப் பேருந்துச் சீட்டு எடுத்திருந்தேன், ஆனால் இவனை விட்டுவிட்டுப் போக மனது வரவில்லை என்றான்.

நான் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்ன விளக்கத்தை மதித்து அவன் பட்டனை அழுத்தவில்லை. ஆனால் விளக்கத்தை நம்பி வீட்டுக்கும் போகவில்லை. அன்று அவன் வாயெடுத்த அந்த 'ஆனால்' என்ன என்று கேட்டேன். அவன் வீட்டுக்குப் பக்கத்து வீடே தமிழ் வீடுதானாம். விரதக்காரர்கள் மாலையில் விளக்கேற்றிக் கும்பிடுவார்கள் அல்லவா, இவன் எதுவும் செய்வதில்லையே என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறான்.

5

காரில் யாழினி அந்தப் பிரிவின் எண்ணைத் தேடி அழைத்தாள். விடுமுறை நாளில் யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பதிவுக் குரல் ஒன்று மலாயில் எண்களை அழுத்தச் சொன்னது. அழுத்திவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள்; புவான் நோர், அதாவது திருமதி நோர், என்ற ஆலோசகர் பேசினார். அலுவலகக் கேள்விகளுக்குத் தயாராக என் பணியாளர் எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. அவனோடு யாராவது இருக்கிறார்களா, தண்ணீராவது குடிக்கிறானா என்று கேட்டார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்டார். பதினெட்டு வருடத்தில் இந்த நாட்டில் எந்த அலுவலகமும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

தாங்கள் கிளம்பி வருவதாகச் சொல்லிவிட்டு, அதுவரை நான் செய்ய வேண்டியதைச் சொன்னார். போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள், புத்தி சொல்லாதீர்கள். இல்லாமல் போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றார். நம் வீடுகளில் அந்த வார்த்தையை வாயில் எடுத்தாலே வாயைக் கழுவச் சொல்வார்கள். எனக்கு அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அறையில் திரைச்சீலை மூடியிருந்தது. லோகன் பாயில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று, வகுப்பில் பார்த்த பையனே இல்லை. ஹாஃபிஸ் ஒரு கோப்பை மைலோ பானத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான். நான் தரையில் உட்கார்ந்தேன். மலாயும் ஆங்கிலமும் ஓடும் அந்தக் கட்டடத்தில், என் தமிழ் அன்றுதான் விளக்கம் சொல்வதற்கு அல்லாமல் கேட்பதற்குப் பயன்பட்டது.

அப்பா விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும் என்றேன். விரதம் என்று நினைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவன் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"நான் விரதம்னு யாருகிட்டயும் சொல்லல சார். தாடிய பாத்துட்டு அவங்களாவே நெனச்சிக்கிட்டாங்க. கேன்டீன் அக்காகூட, மாலை போட்டுட்டியா தம்பின்னாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். விரதம்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க லா சார்."

பிறகு மெல்ல மெல்ல வந்தது. அப்பா பிறை என்ற ஊரில் லாரி ஓட்டியவர். வருடந்தோறும் காவடி எடுப்பார். பள்ளி நாளிலிருந்து அவரோடு சேர்ந்து இவனும் விரதம் இருந்து, பக்கத்தில் நடந்து மலை ஏறியிருக்கிறான். அந்த வருடம் மார்கழியிலிருந்தே எங்கே பார்த்தாலும் உறுமி அடித்துப் பழகும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டாலே சோறு இறங்கவில்லை. தூக்கம் வராமல் விடியுமுன்னே தண்ணீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார், அவரிடம் சொன்னால் உடைந்துவிடுவார் என்று போனில் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்றே சொல்லியிருக்கிறான்.

புவான் நோர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. அவன் ஆமாம் என்று தலையசைத்தான். அப்புறம் அழுதான். நானும் அழுதேன். ஹாஃபிஸ் உள்ளே வந்து, என்ன பேசினோம் என்று ஒன்றும் புரியாமலேயே, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

6

புவான் நோரும் ஒரு மருத்துவரும் வந்து, அவனிடம் கேட்டுக்கொண்டு அவன் அம்மாவுக்கும் போன் செய்தார்கள். அம்மா லோகனின் தம்பியோடு கிளம்பி, தீவுக்கு வரும் பாலத்தின் நெரிசலில் மாட்டி, பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார், வேலைச் சீருடையோடு. வந்ததும் வராததுமாக, யார் சார் சொன்னது என்றார். எனக்கு ஒரு கணம் பழைய விடுதி ஞாபகம் வந்தது. இதோ இந்தப் பையன்தான் முதலில் சொன்னான், நான்தான் காதில் வாங்கவில்லை என்றேன். அவர் ஹாஃபிஸின் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

லோகன் ஒரு பருவம் படிப்பை ஒத்திவைத்தான். மருந்து, ஆலோசனை என்று போனது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். திரும்பி வந்த பிறகும் வகுப்புக்கு வராத நாட்கள் உண்டு. ஆனால் இப்போது வராவிட்டால் நாங்கள் மூன்று பேராவது கேட்கிறோம், யாழினியையும் சேர்த்து. அவளுக்கும் எனக்கும் இடையில் பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. தமிழ் கூடவில்லை, அது வேறு வழக்கு.

நேற்று மின்னஞ்சலை வாசித்த அன்றே, சாயங்காலம் வீட்டு மணி அடித்தது. வாசலில் லோகனும் ஹாஃபிஸும். லோகன் முகத்தில் நாலு நாள் தாடி. எனக்குப் பகீர் என்றது. அவன் அதைக் கவனித்துவிட்டான்.

"சார், இந்த வருஷம் நெஜமாவே விரதம். அப்பாவுக்கு வருஷ திதி முடிஞ்சிடுச்சி. பால்குடம் எடுக்கறேன். நீங்க பாத்துட்டு பயந்துடக் கூடாதுன்னு சொல்லிட்டு போலாம்னு வந்தேன்."

ஹாஃபிஸ் திங்களும் வியாழனும் நோன்பு வைப்பானாம். அந்த நாட்களில் பாங்கு சொன்னதும் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், இவனுக்காக அவனும் சைவம். நேற்று வியாழக்கிழமை. கையில் பொட்டலம் இருந்தது. பால்குடம் பற்றியும், அதற்கு முந்தின நாள் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றியும் எனக்கு நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டு, எப்படிப்பா இருக்கே என்று மட்டும் கேட்டேன்.

அவன் யோசித்தான். நல்லா இருக்கேன் சார் என்று சொல்லிவிடுவானோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நேத்து நல்லா இல்ல சார். இன்னைக்கு பரவால்ல."

சரி, உள்ளே வாங்க, இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன். யாழினி தட்டு எடுக்கப் போனாள்.